தெருவுக்கே பேர் கொடுத்த ஜெரோம்

தனக்கென்று இப்படி ஒரு எண் இருக்கிறது என்பதே ஜெரோமுக்கு நாற்பத்தாறாம் வயதில்தான் தெரிய வந்தது. அப்போது அவர் செங்கல்பட்டில் ஒரு வங்கியின் கடன் பிரிவு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மனிதர் எண்களே இல்லாமல் வாழ்ந்தவர் அல்லர். ஆதார் எண், ரேஷன் அட்டை எண், ஓட்டுநர் உரிம எண், மனைவி மேரியின் செல்போன் எண் எல்லாம் மனப்பாடம். ஆனால் அவை எதுவும் அவரைப் பற்றி எந்த அபிப்பிராயமும் வைத்திருக்கவில்லை. இந்தப் புது எண்ணுக்கு அபிப்பிராயம் இருந்தது.

கடன் அதிகாரி பிரபாவதி கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். "சிபில் ஸ்கோர் ஐந்நூத்து எழுபத்தொண்ணு, சார்."

"எத்தனைக்கு மேடம்?"

"தொள்ளாயிரத்துக்கு."

ஜெரோம் மனக்கணக்குப் போட்டார். புதுப்பட்டினத்தில் அவர் படித்த காலத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தவனை மேல் வகுப்புக்கு அனுப்பினார்கள். "அப்போ பாஸ்தானே மேடம்? பாதிக்கு மேலயே கீதே."

"முந்நூறு எல்லாருக்கும் சும்மாவே குடுத்துடுவாங்க சார். அங்கேருந்துதான் எண்ணவே ஆரம்பிப்பாங்க. எழுநூறு இருந்தா நான் ஃபைலைக் கையில எடுப்பேன்."

அதிர்ச்சி வர வேண்டிய இடங்களில் ஜெரோமுக்கு ஆர்வம் வந்துவிடும். இது அவருடைய பிறவிக் கோளாறு. ஒருமுறை வேனின் முன்சக்கரம் கழன்று தனக்கு முன்னால் உருண்டு ஓடியபோது, அது எதுவரைக்கும் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இத யாரு மேடம் எண்றாங்க? எங்க குந்திக்கினு எண்றாங்க?" என்று விசாரித்தார்.

அவர் கடன் கேட்டு வந்தது அந்த வேனுக்குத்தான். மஞ்சள் நிறப் பள்ளி வேன். அணுபுரம் குடியிருப்பிலிருந்து பதினான்கு பிள்ளைகளைக் காலையில் பள்ளியில் இறக்கி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒன்பது ஆண்டுகளாக ஜெரோம்தான் ஓட்டுகிறார். ஆனால் வேன் தேசிகன் பேரில் இருந்தது. தேசிகன் அணுமின் நிலையத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் இருக்கும் மகன் ஜெயந்தோடு போய் இருந்துவிடுவதென்று அவரும் மனைவி ரமாவும் முடிவு செய்திருந்தார்கள். வேனுக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் விலை வைத்தார். மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதிக்காரர் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்க அதே வேனைக் கேட்டு, பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஒனக்குத்தான் மொதல் பேச்சு, ஜெரோம்" என்றார் தேசிகன். "ஆனா அடுத்த ஜூன்ல பள்ளிக்கூடம் தெறக்கற வரைக்கும்தான். அதுக்கு மேல நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன். அவன் நாளைக்கே எடுத்துண்டு போறேங்கறான்."

வேன் விடுதிக்குப் போனால் ஜெரோமுக்கு வேலை போகும். பதினான்கு பிள்ளைகளும் போவார்கள். நாற்பத்தாறு வயதில் இன்னொருவர் வண்டிக்கு ஓட்டுநராகத் தேடி அலைய வேண்டும். அறுபதாயிரம் சேர்த்து வைத்திருந்தார். அதைத் தேசிகனிடம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதி இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்குத்தான் அந்த ஜூலை மாதத்தில் பஸ் ஏறிச் செங்கல்பட்டு வந்திருந்தார்.

பிரபாவதி அவருடைய கடன் வரலாற்றை நான்கு பக்கம் அச்செடுத்துப் பரப்பினார். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. வருஷா வருஷம் மே, ஜூன்ல உங்களுக்கு என்ன ஆகுது? பத்து மாசம் கடிகாரம் மாதிரி கட்டறீங்க. அந்த ரெண்டு மாசம் மட்டும் ஆளையே காணோம். ஜூலையில வந்து மொத்தமா கட்டிடறீங்க. உடம்புக்கு ஏதாவதா?"

"இல்ல மேடம். தடைக்காலம்."

பிரபாவதி மதுராந்தகத்துக்காரர். ஏரி தெரியும், கடலோடு பழக்கமில்லை. "எதுக்குத் தடை?"

"மீன் புடிக்க மேடம். ஏப்ரல் பதினஞ்சுலேர்ந்து அறுவத்தோரு நாளு. மீன் முட்டை வுட்ற காலம்."

"நீங்க மீன் பிடிக்கிறீங்களா?"

"இல்ல மேடம். வேன் ஓட்றேன்."

பிரபாவதி பேனாவை மூடி வைத்தார்.

இந்த இடத்தில் வரலாற்றுப் பின்னணி ஒன்று தேவைப்படுகிறது. புதுப்பட்டினத்தில் கடலோரமாக ஜெரோமின் தெருவில் நாற்பது வீடுகள். ஆண்களில் பாதிப்பேர் சென்னை காசிமேட்டில் விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்கள். ஊரிலுள்ள சின்னப் படகுகளுக்கு இல்லாத தடை அந்தப் பெரிய படகுகளுக்கு உண்டு. அவர்களுக்குக் கூலி பங்காக, ரொக்கமாகக் கைக்கு வரும். வங்கி வழியாக வராது. ஜெரோமுக்கு மட்டும்தான் ஒன்றாம் தேதியானால் வங்கியில் சம்பளம் ஏறியது. தேசிகன் கணக்குப் பிரிவு ஆள் அல்லவா, கையில் கொடுத்தால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் கடைவீதியில் டிவி, ஃப்ரிட்ஜ் விற்கும் கடை, தவணைக்குப் பொருள் எடுக்கும் கார்டை அந்தத் தெருவில் ஜெரோமுக்கு மட்டும்தான் கொடுத்தது.

மற்ற தெருக்களில் ஏணி இருக்கிற வீட்டில் ஏணி கேட்பார்கள். பிரியாணி அண்டா இருக்கிற வீட்டில் அண்டா கேட்பார்கள். இந்தத் தெருவில் ஜெரோமிடம் பேர் கேட்டார்கள். "ஜெரோமண்ணே, ஒரு மிக்ஸி எடுக்கணும், பேர் குடேன்." அவரும் கொடுத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். ஏணி தேயும், அண்டா நசுங்கும். பேரும் அப்படித்தான் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எடுத்தவர்கள் ஏமாற்றவில்லை. மாதம் பிறந்தால் பணம் மேரி கையில் வந்துவிடும். தடைக்காலத்தில் மட்டும் வராது. அந்த அறுபத்தொரு நாளும் தெருவுக்கு அரிசிக்கடை காத்திருக்கும், வலைக்கடை காத்திருக்கும், கேபிள்காரர் காத்திருப்பார். சர்ச்சில் சந்தாவைக்கூடக் கேட்க மாட்டார்கள். ஊரே காத்திருக்கும்போது வங்கி மட்டும் காத்திருக்காது என்று எந்த மனிதருக்குத் தோன்றும்? போதாக்குறைக்கு அந்த நேரம்தான் பள்ளிக்கும் விடுமுறை, வேன் ஓடாது, ஜெரோமுக்கும் அரைச் சம்பளம்தான். மே மாதம் வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் குறுஞ்செய்திகள் வரும். அவற்றைக் கோடை கால வாழ்த்து என்று நினைத்து அழித்துவந்தார்.

எல்லாவற்றையும் கேட்ட பிரபாவதி பெருமூச்சு விட்டார். "நீங்க யாரையும் ஏமாத்தலை சார். எனக்குப் புரியுது. ஆனா கம்ப்யூட்டருக்கு மீன் தெரியாது."

பிறகு மூன்று கட்டளைகள் இட்டார். ஒன்று, ஒரு டிவி கடன் 'செட்டில்டு' என்று இருக்கிறது, அதன் மிச்சப் பணத்தைக் கட்டி முழுசாக முடிக்க வேண்டும். இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் தவணை எதுவும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, முக்கியமாக அடுத்த மே, ஜூன். மூன்று, வேறெந்த வங்கியிலும் போய்க் கடன் கேட்கக் கூடாது.

மூன்றாவது கட்டளையை ஜெரோம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தக் கடைக்காரர்தான் பக்கத்துக் கடையில் விசாரித்துப் பார் என்று சொல்வார்? அந்த வாரமே இரண்டு வங்கிகளிலும், செல்போனில் வந்த மூன்று செயலிகளிலும், தன் எண் அங்கேயும் இதேதானா என்று பார்ப்பதற்காகவே விண்ணப்பித்தார். ஐந்து இடத்திலும் கடன் இல்லை என்றார்கள். எண் 556 ஆகியிருந்தது.

"சொன்னேன் இல்லையா சார்" என்றார் பிரபாவதி தொலைபேசியில். "கடன் கேட்டாலே குறையும்."

"குடுத்தா குறையறது நாயம். கேட்டதுக்கே கோச்சிக்குமா மேடம்?"

அதன் பிறகு ஜெரோம் யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். அது அவருக்குக் கஷ்டமான விரதமும் அல்ல. கொடுத்தே பழகியவர், கேட்க வாய் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நான்கு பக்க அச்சை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் கடன்களை நேரில் பார்த்துவரப் புறப்பட்டார். மொத்தம் பதினொன்று. அவர் தனக்காக வாங்கியது மேரியின் மிக்ஸி ஒன்றுதான். மற்ற பத்தும் அடுத்தவர் வீடுகளில் நல்லபடியாக வாழ்ந்துகொண்டிருந்தன. பக்கத்துத் தெருத் தையல்காரர் வீட்டில் அவர் பேரில் ஒரு நடைப்பயிற்சி இயந்திரம் இருந்தது. அதன்மேல் துணி காய்ந்தது. ஒரு வீட்டில் அவர் பேரில் ஒரு கட்டில். அதில் வேறொரு குடும்பம் மதியத் தூக்கம் தூங்கியது. ஒன்று மட்டும் இல்லை. காசிமேட்டுப் படகில் வேலை செய்யும் சீனு வாங்கிய செல்போன், வலை இழுக்கும்போது கடலில் விழுந்துவிட்டது. அதற்கப்புறமும் ஏழு மாதம் சீனு தவணை கட்டி முடித்திருந்தான். கடலுக்கடியில் தன் பேரில் ஒரு சொத்து இருப்பதை எண்ணி ஜெரோம் சிறிது நேரம் பெருமைப்பட்டார்.

எல்லாம் முடிந்தவை. உயிரோடு இருந்த கடன் ஒன்றே ஒன்று: சீனுவின் மனைவி, மீன்கூடைக்காரி சின்னப்பொண்ணுவின் ஃப்ரிட்ஜ். மாதம் ஆயிரத்து அறுநூற்று நாற்பது, இரண்டாம் தேதி. இன்னும் பதினான்கு தவணை பாக்கி.

'செட்டில்டு' ஆன டிவி கோவளத்தில் இருந்தது, மேரியின் தம்பி ஆல்வின் வீட்டில். ஆல்வின் அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்குப் பலகை வாடகைக்கு விடும் இடத்தில் வேலை பார்க்கிறவன். ஐம்பத்தைந்து அங்குல டிவி எடுத்தான். எட்டு மாதம் கட்டினான். அப்புறம் நிறுத்தினான். வசூல் கம்பெனியிலிருந்து ஒருவர் அழைத்து, "பாதியைக் கட்டுங்க, செட்டில் பண்ணிக்கலாம்" என்றபோது, ஆல்வினுக்கு அது லாட்டரி விழுந்ததுபோல இருந்தது. கட்டினான். மாமனுக்கு இவ்வளவு தள்ளுபடி வாங்கிக் கொடுத்ததைக் கொண்டாட, கோவளத்திலிருந்து பிரியாணி வாங்கிக்கொண்டு வந்து எல்லாரும் சாப்பிட்டார்கள். அந்தப் பிரியாணிதான் அச்சின் மூன்றாம் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் இருந்தது.

"பதினோராயிரத்து அறுநூறு கட்டணும், மச்சான்" என்றார் ஜெரோம் போனில்.

"இன்னா மாமா, முடிஞ்சுபோன கதைய நோண்டிக்கினு? அவனே உட்டுட்டான், நீ ஏன் புடிச்சுக்கினு தொங்கற?"

மேரி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். தம்பி அதற்குள் வைத்துவிட்டிருந்தான். மறுநாள் காலை அவள் ஒரு பையில் இரண்டு புடவையும் பல் தூரிகையும் எடுத்து வைத்துக்கொண்டு கோவளத்துக்குப் பஸ் ஏறினாள்.

கோவளம் முற்றுகை மூன்று நாள் நடந்தது. அந்த வாரம் ஏதோ கிரிக்கெட் தொடர். ஆல்வினும் அவன் கூட்டாளிகளும் சாயங்காலமானால் டிவிக்கு முன்னால் கூடுகிறவர்கள். மேரி ரிமோட்டை மடியில் கட்டிக்கொண்டு, மூன்று நாளும் மதியம் இரண்டு மணியிலிருந்து பத்து மணிவரை சீரியல் பார்த்தாள். அவளுக்குச் சீரியல் பிடிக்காது. அப்படியிருந்தும் பார்த்தாள்.

"அக்கா, கடைசி ஓவரு. அஞ்சே நிமிஷம்."

"இது எம்புருசன் பேர்ல கீற டிவி. நீ வோணா ஓரமா குந்திக்கினு கதை கேளு. இந்தப் பொண்ணுக்கு மாமியா வெஷம் வைக்கப் போறா."

"வூடு என்னுதுக்கா!"

"வூட்ட நீ பாரேன். யாரு வோணான்னது? செவுரு அழகாத்தான் கீது."

நான்காம் நாள் காலையில் ஆல்வின் பணத்தைக் கொண்டுவந்து அக்கா முன்னால் வைத்தான். எங்கிருந்து கொண்டுவந்தான் என்று அவள் கேட்கவில்லை. ரிமோட்டைக் கொடுத்துவிட்டு, விஷம் வைத்தாளா இல்லையா என்பதை மட்டும் தனக்குப் போன் பண்ணிச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பணத்தைக் கட்டியதும், பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்க ஐந்து வாரம் ஆனது. அந்தக் கடிதத்தை வங்கிகள் தகவல் அனுப்பும் இடத்தில் பதிய வைக்க இன்னும் இரண்டு மாதம். 'செட்டில்டு' என்பது 'க்ளோஸ்டு' என்று மாறிய அன்று எண் 631. ஜெரோம் அதை அதோடு விடவில்லை. மாதம் ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம் என்று பிரபாவதி சொல்லியிருந்தார். அதனால், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேன் நிழலில் உட்கார்ந்து, பங்குச் சந்தைக்காரர்போல, எண்ணைத் திறந்து பார்ப்பார். பிப்ரவரியில் 654. மார்ச்சில் 668. வேனில் வரும் ஏழாம் வகுப்பு ரக்ஷா, "அங்கிள், இது உங்க மார்க்கா? எந்த சப்ஜெக்ட்?" என்று கேட்டாள். ஜெரோம் யோசித்துப் பார்த்து, "வரலாறு" என்றார்.

ஏப்ரல் பதினைந்தாம் தேதி தடை வந்தது. காசிமேட்டிலிருந்து ஆண்கள் வீட்டுக்கு வந்தார்கள். பகலெல்லாம் சவுக்குத் தோப்பில் சீட்டாட்டம். பள்ளி மூடியது. ஜெரோமின் அரைச் சம்பளம் மகள் கவியாவின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது. மே இரண்டு, ஜூன் இரண்டு என்ற இரண்டு தேதிகளும் எதிரே நின்றன.

ஜெரோம் சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் போய் நின்று, எதையும் கேட்காமல், ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு வந்தார். மறுநாளும் போய் விசாரித்தார். மூன்றாம் நாள் சின்னப்பொண்ணுவே கேட்டாள்.

"இன்னாண்ணா, தெனம் வந்து ஃப்ரிட்ஜ நலம் விசாரிக்கற? பேங்க்குக்காரங்க இந்த வாட்டி உட மாட்டாங்களா?"

"உட மாட்டாங்க போலம்மா."

"சரி. சும்மா நிக்கறத நாம வேலைக்கி அனுப்பிடலாம்."

ஃப்ரிட்ஜ் அன்றே வேலைக்குச் சேர்ந்தது. பாலில் சர்க்கரையும் ரோஸ் சிரப்பும் கலந்து, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் ஊற்றி முடிந்து, மேல்தட்டில் உறைய வைத்தாள். கூடையில் மீனுக்குப் பதில் ஐஸ். ஒன்று ஐந்து ரூபாய். சவுக்குத் தோப்பில் நாற்பது ஆண்கள், வெயில், சும்மா இருக்கும் வாய். முதல் பத்து நாளிலேயே மே மாதத் தவணை வந்துவிட்டது. இரண்டாம் தேதி பணம் வங்கியில் பிடித்தம் ஆனது. ஜெரோமின் ஒன்பது ஆண்டு வரலாற்றில் மே மாதத்தில் ஒரு தவணை கட்டப்பட்டது அதுவே முதல் முறை. எண் 687.

மே இருபத்தொன்பதாம் தேதி பகலில் மின்சாரம் போய்விட்டு வந்தது. வந்தது கொஞ்சம் அதிகமாக வந்துவிட்டது. ஃப்ரிட்ஜின் பின்னாலிருந்து புகை கிளம்பியது. கடைக்காரர் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது, மின்சாரம் ஏறி எரிந்ததற்கு வாரன்டி கிடையாது என்றார்.

ஜூன் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்த மாத அரைச் சம்பளமும் கவியாவின் கட்டணத்துக்குப் போனதுபோக, ஜெரோமின் கணக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். மறுநாள் காலை வங்கி ஆயிரத்து அறுநூற்று நாற்பதை எடுக்க வரும். கடன் வாங்கத் தகுதி வந்துவிட்டது என்று காட்டுவதற்காக, வேன் விற்கிற தேசிகனிடமே போய்க் கடன் கேட்கவும் முடியாது. விடுதிக்காரர் அந்த வாரத்தில் இரண்டாவது முறையாகத் தேசிகனைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"போய்க் கேளு" என்றாள் மேரி.

"செத்துப்போன ஃப்ரிட்ஜுக்கு எப்பிடி கேக்கறது?"

"வாயால."

சர்ச் முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு ஜெரோம் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனார்.

"சின்னப்பொண்ணு, நாளைக்கு ரெண்டாந்தேதி."

"ஆமாண்ணா. நேத்து முப்பத்தொண்ணு."

"ஃப்ரிட்ஜு தவணை..."

"எந்த ஃப்ரிட்ஜு? அதோ, பொணமாட்டம் நின்னுகினு கீதே, அதுக்கா? உசுரோட கீறவங்களுக்கே இங்க நாஸ்தா இல்ல. தடை முடியட்டும்ணா. ஜூலையில சேத்து குடுத்துர்றேன். எப்பவும் குடுக்கல?"

"இந்த வாட்டி ஜூலை வேலைக்கு ஆவாதும்மா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு வேணும்."

சின்னப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாது?"

"எனக்கு வேணும்."

பதினைந்து ஆண்டுகளாக அந்த வாயிலிருந்து இந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. கூடையைக் கீழே வைத்தாள். ஜெரோம் வேன் கதையை முதலிலிருந்து சொன்னார்: எண், எழுநூறு, விடுதிக்காரர், அடுத்த வாரம் பள்ளி திறப்பு, எல்லாம்.

"வண்டி போச்சுன்னா ஒன் வேலையும் போச்சா?"

"ஆமா."

"ஏண்ணா, வருசம் பூரா தெனம் மூஞ்சப் பாக்கறோம். வண்டி வாங்கப்போறன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"கண்ணு பட்டுடும்னு..."

"யாரு கண்ணு? எங்க கண்ணா? ஒம்பேர்ல தின்னு, ஒம்பேர்ல தூங்கி, ஒம்பேர்ல டிவி பாத்துகினு கீறோம். எங்க கண்ணு ஒம்மேல ஏன்ணா படப்போவுது?"

கோபத்தோடு எழுந்து போய் ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்தாள். உள்பக்கக் கதவில், முட்டை வைக்கும் குழிகளுக்குக் கீழே, கறுப்பு மையில் பெயர்களும் கோடுகளும் வரிசையாக இருந்தன. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு ஓர் ஐஸ். காசு கொடுத்து வாங்கியது முதல் பத்து நாள்தான். அதற்கப்புறம் தோப்பே கடனுக்குத் தின்றிருந்தது. ஜெரோம் குனிந்து ஆர்வத்தோடு எண்ணினார். நானூற்று எழுபத்தாறு கோடுகள். இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.

"இவ்ளோ துட்டு வெளியில நிக்குதே, நீ கேக்கல?"

"கேக்காம? அத்தினி பேரும் ஒரே பாட்டுதான். 'தடை முடியட்டும்க்கா, ஜூலையில சேத்து...'" சின்னப்பொண்ணு பாதியில் நிறுத்தினாள். ஜெரோமைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். "அடப்பாவி. நானும் இதத்தானேண்ணா ஒங்கிட்ட சொல்லிகினு இருந்தேன்?"

ஜெரோம் கதவிலிருந்த பெயர்களையும் கோடுகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"அந்த பேங்க்குக்காரிக்கு இப்பிடித்தான் எரிஞ்சுகினு இருந்துச்சா?" என்று சின்னப்பொண்ணு வியந்தாள். வியந்தபடியே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோப்புக்கு நடந்தாள். பின்னால் பட்டியலோடு ஜெரோம். விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ள அவருக்குப் பின்னால் நான்கு வீட்டுப் பெண்கள்.

சவுக்குத் தோப்பில் சீட்டாட்டம் நின்றது. பட்டியலில் முதல் பெயர் அவள் புருஷன் சீனு. இருபத்தெட்டு கோடு.

"நூத்தி நாப்பது ரூபா. எடு."

"இன்னாடி, கட்ன புருசங்கிட்டயே வசூலா?"

"புருசன் வூட்ல. இங்க நீ கஷ்டமரு."

"கரைஞ்சு போன ஐசுக்கு எப்பிடிமே காசு?"

"கடல்ல உட்ட போனுக்கே ஏழு மாசம் கட்டினவன், வவுத்துல உட்ட ஐசுக்குக் கட்ட மாட்டியா?"

தோப்பு சிரித்தது. சிரித்ததுதான் தப்பு; சிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டியலில் சிக்கினார்கள். பின்னால் வந்த பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களின் சட்டைப்பைகளைத் தாங்களே தேட ஆரம்பித்தார்கள். ஜெரோமண்ணன் வேலை போகப்போகிறது என்ற சேதி சீட்டுக்கட்டைவிட வேகமாகக் கைமாறியது. அதற்கப்புறம் தர்க்கம் குறைந்தது. தையல்காரர் பட்டியலிலேயே இல்லை. அவரும் வந்து ஐம்பது ரூபாய் கொடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு, நடக்கிற மெஷினுக்கு என்றார்.

அரைமணி நேரத்தில் ஆயிரத்து எழுநூற்றுப் பத்து. பெரும்பாலும் ஐந்தும் பத்துமாக நாணயங்கள். அரிசிக்கடைக்காரர் அவற்றை எண்ணி வாங்கிக்கொண்டு, செல்போனில் ஜெரோமின் கணக்குக்கு அனுப்பினார். எண்ணுகிறபோது இரண்டு முறை தும்மினார். சில்லறையில் மீன் வாசமும் ரோஸ் வாசமும் கலந்திருந்தன.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வங்கியிலிருந்து ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்தது. ஜெரோம் கவியாவை எழுப்பி, இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அந்த வார வெள்ளிக்கிழமை அவரும் மேரியும் செங்கல்பட்டில் இருந்தார்கள். பிரபாவதி எண்ணைத் திறந்தார். 703. வங்கிப் புத்தகத்தில் மே இரண்டு, ஜூன் இரண்டு ஆகிய இரண்டு வரிகளையும் விரல் வைத்துப் பார்த்தார். ஃபைலைக் கையில் எடுத்தார்.

"வட்டி ஒன்றரை சதவீதம் கூடப் போடுவாங்க சார். எழுநூத்தம்பது இருந்தா குறைஞ்சிருக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்ல மேடம்."

"அம்மா பேரையும் கூட்டுக் கடன்தாரரா சேர்த்துக்கறேன். உங்க ஸ்கோர் பார்க்கறேன்." தட்டினார். "மைனஸ் ஒண்ணு."

மேரி நாற்காலி நுனிக்கு வந்தாள். "இன்னாது? இவருக்கு எழுநூறு, எனக்கு மைனஸா?"

"இல்லம்மா, கடனே வாங்கினதில்லைன்னு அர்த்தம். வரலாறு இல்லைன்னா கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டும்."

"இருவத்திரெண்டு வருசமா இவரோட குடும்பம் நடத்தறேன். எனக்கு வரலாறு இல்லன்றியா?"

பிரபாவதி சிரித்தபடி கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினார். பதினேழு இடங்கள். ஜெரோமுக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கம் உண்டு. ஆனால் அன்று ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பக்கத்திலும் 'எதற்காக' என்று போட்டிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே போட்டார்.

பணம் திங்கட்கிழமை தேசிகன் கணக்கில் ஏறியது. செவ்வாய்க்கிழமை பள்ளி திறப்பு. திங்கள் மாலையே வண்டியை முறைப்படி ஒப்படைத்துவிட வேண்டும் என்றார் தேசிகன். ராகு காலம் காலையோடு முடிந்ததா என்று ரமா இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம். வேனுக்குச் சந்தனம். தேசிகன் புது வேட்டியில் வந்து நின்று, வலது கையை நீட்டிச் சாவியைக் கொடுக்கப் போனபோதுதான் தன் கையில் சாவி இல்லாததைப் பார்த்தார்.

"சாவி எங்கப்பா?"

"எங்கிட்டத்தான் சார் கீது. ஒம்பது வருசமா."

ஜெரோம் இடுப்பு வளையத்திலிருந்து அதைக் கழற்றித் தேசிகனிடம் கொடுத்தார். தேசிகன் வாங்கி, வேட்டி நுனியால் துடைத்து, தட்டில் வைத்து, இரண்டு கைகளாலும் ஜெரோமிடம் நீட்டினார். மேரி வாங்கச் சொல்லி முழங்கையால் இடித்தாள். ஜெரோம் வாங்கிக்கொண்டார். ரமா காபி கொண்டுவந்தாள். எல்லாரும் வேனைப் பார்த்துக்கொண்டு நின்றபடியே குடித்தார்கள்.

டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுக் கிளம்பும்போது, வழக்கம்போல ஜெரோம் கேட்டார்:

"நாளைக்குக் காலையில எத்தினி மணிக்கு சார் எடுக்கட்டும்?"

தேசிகன் அவரையே பார்த்தார். "என்னை ஏம்ப்பா கேக்கற? வண்டி ஒன்னுதுன்னா."

ஜெரோம் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். "ஆறே முக்கால்" என்றார், மேரியிடம்.